ஏறியவரும் இறக்கியவரும்

கெர்லிங் வட்டாரத் தோட்டங்களிலிருந்து கிழக்கே நோக்குவார்க்குத் தித்திவங்சா மலைத்தொடர் நீல மதிலெனத் தோன்றும். தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் சீவி வாழ்ந்த மக்கள் அம்மலையை மழை வரும் திசையாக அறிந்திருந்தனரேயன்றி, இன்பத்திற்காக ஏறிச் செல்லும் இடமாக எண்ணியதில்லை. இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் கோலகுபு பாருவுக்கு அப்பாலுள்ள சிலிங் அருவிக்கு ஆறு கடந்து நடக்கின்றனர். விடுமுறையில் கடல்கடந்து சென்றும் மலையேறுகின்றனர். இது வருந்தத்தக்க மாற்றமன்று. ஆயினும் இம்மாற்றத்தோடு ஒரு வினாவும் உடன் வந்துள்ளது. இன்பம் நாடி அயல்நாட்டு மலையில் நடந்தவன் அடிபட்டுக் கிடக்கையில், தன் உயிரைப் பணயம் வைத்து அவனைச் சுமந்து இறக்கும் உள்ளூரானுக்கு அவன் எவ்வகையில் கடன்பட்டவன்?

2015ஆம் ஆண்டு சூன் 5ஆம் நாள் காலை 7.15 மணியளவில், சபா மாநிலத்துக் கினபாலு மலை அதிர்ந்தது. நிலநடுக்கத்தின் அளவு 6.0. பாறைகள் உருண்டன, ‘கழுதைக் காது’ எனப் பெயர்பெற்ற இரட்டைக் கொடுமுடியின் ஒருபகுதி முறிந்து வீழ்ந்தது. 18 பேர் மாண்டனர். சிங்கப்பூர்த் தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளியிலிருந்து வந்திருந்த சிறு மாணவரும் ஆசிரியரும் அவர்களுள் அடங்குவர். மேலும் 137 பேர் மலைமீது சிக்கிக்கொண்டனர். வானிலை இடங்கொடாமையால் ஹெலிகாப்டர்கள் வேண்டியவாறு உதவ இயலவில்லை. ‘மலிம் குனோங்’ என்றழைக்கப்படும் மலை வழிகாட்டிகளே, அதிர்வுகள் அடங்குமுன், காயமுற்றோரைத் தாங்கியும் சுமந்தும் சிதைந்த பாதையில் இறக்கினர். அன்று இறந்தோருள் வழிகாட்டிகளும் உண்டு.

இங்கு மற்றொன்றும் நோக்கத்தக்கது. சில நாள்களுக்கு முன்னர்தான் வெளிநாட்டுப் பயணிகள் சிலர் அம்மலைமீது ஆடை களைந்து படம் எடுத்துக்கொண்டனர். மலையடிவாரத்து டூசுன் மக்களுக்கோ அது முன்னோர் ஆவிகள் உறையும் இடம். மலை சினங்கொண்டது என்று கூறினாரும் உளர். பின்னர் அப்பயணிகளுள் நால்வர்க்கு நீதிமன்றம் 3 நாள் சிறையும் 5,000 வெள்ளி தண்டமும் விதித்தது. நிலநடுக்கத்தின் காரணம் நிலத்தடியில் உள்ளது என்பது வேறு செய்தி. அயலாரால் மனம் புண்பட்ட அம்மண்ணிலேயே, அதே நாள்களில், அயலார் தோள்களில் சுமக்கப்பட்டனர் என்பதே எண்ணிப் பார்க்கத்தக்கது.

சுமத்தல் தோட்டப்புறத்தார்க்குப் புதிதன்று. காட்டில் பாம்பு தீண்டியவனைச் சாக்கில் கிடத்தித் தோட்டத்து டிரஸ்ஸரிடம் தூக்கி ஓடியவர்கள், தம் கூலி போகுமே என்று தயங்கி நின்றதில்லை. ஆனால் அங்கே கடன் ஊருக்குள்ளேயே சுற்றி வந்தது. இன்று சுமக்கப்பட்டவன் நாளை சுமப்பான். அவனன்றேல் அவன் மகன் சுமப்பான். விடுமுறைப் பயணியோ கட்டுப்போட்ட காலோடு விமானம் ஏறிவிடுகிறான். அவன் தோள்கொடுக்கும் நாள் அம்மலையில் வருவதேயில்லை.

கூலி கொடுத்தாயிற்றே என்பார் சிலர். கொடுத்த கூலி வழி காட்டியதற்கு. பாறை விழும்போது மீண்டும் மேலே ஏறியதற்கு அன்று. மீட்பது அவர் கடமைதானே என்பார் வேறு சிலர். 2018ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், இதே சிலாங்கூரில், பூச்சோங் பகுதியில் உள்ள ஈயக்குட்டையில் விழுந்த 17 வயது இளைஞனைத் தேடி இறங்கிய தீயணைப்புப் படையினர் அறுவர் நீரில் மாண்டனர். தேடப்பட்டவனும் மீளவில்லை. கடமை என்னும் சொல் அவ்வறுவர் வாயில் பொருந்தும். கரையில் நிற்பவர் வாயில் அது நன்றிகேடாக ஒலிக்கும்.

வள்ளுவர் செய்ந்நன்றியறிதலை 11ஆம் அதிகாரமாகவும் ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரமாகவும் தனித்தனியே வைத்தார். கைம்மாறு கருதாது உதவுக என்பது உதவுவோன் கற்க வேண்டிய பாடம். அதனை உதவி பெற்றவன் எடுத்துப் படித்துவிட்டு, ‘அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை’ என்று தன் கணக்கை முடித்துக்கொள்வது பிறன் ஓலையைத் தன் ஓலையாக வாசிப்பதாகும்.

அங்ஙனமாயின் அவன் கடனைத் தீர்ப்பது எவ்வாறு? விழுந்தபின் தீர்க்க வழி அரிது. விழுமுன்னரே தீர்க்கத் தொடங்கலாம். செல்லும் வழியைச் சொல்லிவிட்டுப் புறப்படுதல் ஒன்று. சிகரம் கண்ணெதிரே நின்றாலும், ‘திரும்புவோம்’ என்று வழிகாட்டி சொன்னவுடன் திரும்புதல் மற்றொன்று. இதுவே கடினம், ஏனெனில் செலவழித்த பணமும் எடுத்த விடுப்பும் காலை முன்னோக்கித் தள்ளும். அருவிக்குச் செல்வோர்க்கும் இது பொருந்தும். கீழே வெயில் காய்ந்தாலும் மேல்மலையில் பெய்த மழை, மலாய்க்காரர் ‘கெப்பாலா ஆயர்’ என்னும் திடீர் வெள்ளமாக இறங்கிவிடும். ஆற்றுநீர் கலங்கும்போதே கரையேறச் சொல்லும் உள்ளூர் முதியவரை அச்சமூட்டுபவர் என்று நகைப்போர் பலர். மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் அம்முதியவர் சொல்லுக்கு இருமடங்கு செவிகொடுத்தல் வேண்டும்.

2015 டிசம்பர் 1ஆம் நாள் கினபாலுச் சிகரத்திற்குச் செல்லும் பாதை மீண்டும் திறக்கப்பட்டது. வழிகாட்டிகள் விடியுமுன் இருளில் விளக்கேந்தி, பெயர்கூடச் சரிவரத் தெரியாத அயலார்க்கு முன்னே நடக்கத் தொடங்கினர்.