கையொப்பம் சம்மதம் ஆகுமா?

வைத்தியசாலையில் படுத்திருக்கிறீர்கள். புதிய மருந்தொன்றைப் பரீட்சிக்கும் ஆராய்ச்சியிற் சேரச் சம்மதமா என்று கேட்டு, பல பக்கங்கள் கொண்ட படிவமொன்றைத் தருகிறார்கள். இரண்டு பக்கம் புரட்டுகிறீர்கள். ‘டொக்டர் சொன்னாற் சரிதானே’ என்று கையொப்பமிடுகிறீர்கள். நீங்கள் உண்மையிற் சம்மதித்துவிட்டீர்களா?

இப்படிவம் வீணாக வந்ததன்று. அமெரிக்காவில், அலபாமா மாநிலத்து டஸ்கீகியில், 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோயுற்ற ஏறத்தாழ 400 கறுப்பின ஆண்களை அரசாங்க வைத்தியர்கள் உரிய சிகிச்சையின்றியே அவதானித்து வந்தனர். நோயின் பெயரையும் மறைத்தனர். பெனிசிலின் கிடைத்த பின்பும் அதைக் கொடுக்கவில்லை. இத்தகைய கொடுமைகள் வெளிவந்த பின்னரே, விளங்கிக்கொண்டு தரும் சம்மதமின்றி ஆராய்ச்சி கூடாது என்னும் விதி வலுப்பெற்றது.

விதி நல்லது, ஆனால் அது நிறைவேறுகிறதா? 1982இல் அமெரிக்க மனநல வைத்தியர் போல் அப்பெல்பாமும் அவருடைய சகாக்களும், ஆராய்ச்சியிற் சேர்ந்த நோயாளரைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டனர். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது சீட்டுக் குலுக்குவதுபோலவே தீர்மானிக்கப்படும் என விளக்கியிருந்தும், தமக்கு ஏற்றதையே வைத்தியர் தெரிந்தெடுப்பார் எனப் பலர் நம்பியிருந்தனர்.

அப்படியானால் படிவத்தைத் திருத்தி எழுதலாமா? படம் காட்டலாமா? 2004இல் ஃபுளோரி, இமானுவேல் என்னும் இருவர் இதுபற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். ஒருவர் அருகிலிருந்து ஆறுதலாகப் பேசி விளக்குவதே ஏனையவற்றிலும் கூடிய பயன் தருவதாகக் கண்டனர்.

எது நீதி என்பதை எண்ணிக்கைகள் சொல்லமாட்டா. மனிதனை வெறுங் கருவியாக்கலாகாது என்பது கணக்கெடுத்துக் கண்ட உண்மையன்று. ஆனால் அந்த நீதியை நாம் செய்துவிட்டோமா என்பதை நம் நல்லெண்ணமும் சொல்லாது. உரியவரைக் கேட்டுத்தான் அறியவேண்டும். கேளாமலே ‘விளக்கிவிட்டோம்’ என்று திருப்திப்படுவது, மனச்சாட்சியைத் தூங்கவைப்பதாகும். நேரமில்லை என்பார்கள். இன்னொருவரின் உடலைத் தம் ஆராய்ச்சிக்குக் கேட்பவர், அவருக்காக அரைமணி நேரம் ஒதுக்கக்கூடாதா?

நாளை உங்களிடமோ உங்கள் பெற்றோரிடமோ இப்படிவம் நீட்டப்பட்டால், வெட்கப்படாமற் கேளுங்கள். இது என் சிகிச்சைக்கா, ஆராய்ச்சிக்கா? மறுத்தாலும் வழமையான சிகிச்சை கிடைக்குமா? இடையில் விலகலாமா? கிடைத்த பதிலை உங்கள் சொந்தச் சொற்களில் அவருக்கே திருப்பிச் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால், அதுவரை பேனாவைத் தொடாதீர்கள்.