பசியை வேலைக்கு அழைக்குமுன்

பவளத்தொட்டி வளர்ப்பவர்கள் பெயரைக் கேட்டாலே கலங்கும் உயிர் ஒன்று உண்டு. ஐப்டேசியா என்னும் சிறிய கடல் சாமந்தி. பழுப்பு நிறம், ஒல்லியான தண்டு, உச்சியில் ஊடுருவித் தெரியும் மெல்லிய கைகள். அதை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. தொட்டிக்குள் அடுக்கும் லைவ் ராக் என்னும் உயிர்ப்பாறையின் ஏதோ ஒரு பொந்தில் ஒட்டிக்கொண்டு தானாக வந்துவிடும். வந்தது ஒன்று என்றால், சில மாதங்களில் பாறையின் ஒவ்வொரு விளிம்பிலும் ஒன்று நிற்கும். பக்கத்தில் இருக்கும் பவளத்தைக் கொட்டும். கொட்டுப்பட்ட பவளம் சுருங்கிப் பின்வாங்க, அந்த இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

பிடுங்கி எறியலாம் என்று கை வைத்தால் நிலைமை இன்னும் கெடும். பாறையில் ஒட்டியிருக்கும் பாதத்தின் ஒரு துணுக்கு மிஞ்சினால் போதும், அது முழு உயிராக வளர்ந்துவிடும். நகரும்போதே பாதத்திலிருந்து சிறு துண்டுகளை உதிர்த்துவிட்டுப் போவதுதான் அதன் இனப்பெருக்க முறைகளில் முக்கியமானது. ஆகவே நறுக்குகிறவர் தம்மை அறியாமல் அதற்கு நாற்று நடுகிறார். சிலர் சுண்ணாம்புக் கரைசலை ஊசியில் எடுத்து ஒவ்வொன்றின் வாயிலும் செலுத்துகிறார்கள். கண்ணுக்குத் தெரிவது செத்துப்போகும். பாறைக்குப் பின்னால் இருப்பது காத்திருக்கும்.

இந்த நிலையில்தான் இறால் நினைவுக்கு வருகிறது. பெப்பர்மின்ட் இறால் என்று கடைகளில் சொல்வார்கள். லிஸ்மாட்டா பேரினம். ஊடுருவித் தெரியும் உடலில் சிவப்புக் கோடுகள் ஓட, பகலெல்லாம் பொந்துக்குள் ஒதுங்கி, விளக்கணைந்த பிறகு வெளியே வரும். சின்ன ஐப்டேசியாக்களைப் பிய்த்துத் தின்னும். மருந்து இல்லை, ஊசி இல்லை. இரவில் விட்டால் காலையில் பாறை சுத்தம் என்று நம்பி வாங்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். காரைக்குடியில் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவருக்கும் அதே நம்பிக்கைதான். (ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கல்பவளங்கள் 2001 முதல் நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு உடைத்து வருவதும் குற்றம்.)

நம்பிக்கை பலிப்பதும் உண்டு, பொய்ப்பதும் உண்டு. ஏன் பொய்க்கிறது என்று பார்த்தால், முதல் காரணம் ஆள் மாறாட்டம். ஒட்டக இறால் என்ற ஒன்று இருக்கிறது. அதுவும் சிவப்பு, அதற்கும் கோடுகள். முதுகு சற்றே கூனி, வெள்ளைக் கோடும் புள்ளியும் தூக்கலாக இருக்கும். முகத்தின் முன் நீட்டிய அலகை மேலும் கீழும் அசைக்கும். பழகிய கண்ணுக்கு வேறுபாடு தெரியும், பழகாத கண்ணுக்குத் தெரியாது. அதைத் தொட்டியில் விட்டால் ஐப்டேசியாவை விட்டுவிட்டு, நாம் காப்பாற்ற நினைத்த மென்பவளங்களை மேயக்கூடும். லிஸ்மாட்டாவுக்குள்ளேயே குழப்பம் இருந்தது. புளோரிடாவிலிருந்து ஒரே பெயரில் விற்கப்பட்ட இறால்களில் ஒரு பகுதி தனி இனம் என்பது 2006இல்தான் முறையாகப் பதிவாயிற்று. அதுவரை வாங்கியவர் ஒன்றை நினைத்தார், பையில் வந்தது வேறொன்று.

இரண்டாவது காரணம் வயிறு. தொட்டியில் மீனுக்குப் போடும் உணவு தாராளமாகக் கிடைத்தால் இறால் எதற்குக் கொட்டும் பிராணியோடு மல்லுக்கு நிற்க வேண்டும்? மிதந்து வருவதைத் தின்றுவிட்டுப் பொந்துக்குத் திரும்பும். அப்படி மிஞ்சும் உணவும் கழிவும்தான் ஐப்டேசியாவையும் செழிக்க வைக்கின்றன. ஒரே கை இரண்டு பக்கமும் ஊட்டிக்கொண்டிருக்கிறது. உணவைக் குறைத்து, நீரை ஒழுங்காக மாற்றியவரிடம் இறால் வேலை செய்கிறது. மற்றவரிடம் அது இன்னொரு வாய்.

ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாத உயிரும் இருக்கிறது. பெர்கியா என்னும் ஓடில்லாத கடல் நத்தை. அதை நம்பலாம், பவளத்தைத் தொடாது. ஆனால் கடைசி ஐப்டேசியா தீர்ந்த பிறகு அது பட்டினியில் சாகும். இறால் சாகாது, வேறெதையாவது தேடிக்கொள்ளும். ஒன்றை மட்டும் தின்பது வேலை முடிந்ததும் மடிகிறது. எல்லாம் தின்பது வேலை முடிந்த பிறகும் பசியோடு நம்மிடம் இருக்கிறது. ஓர் உயிரைக் கொண்டு இன்னோர் உயிரை அடக்க நினைக்கும் எவரும் இந்த இரண்டு பசிகளில் எதை அழைக்கிறோம் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். கண்ணாடித் தொட்டிக்குள் இதற்குத் தவறான பதில் சொன்னால் சில பவளங்கள் போகும். நிலத்தில் தவறினால் என்ன போகும் என்பதற்கு நம் மண்ணிலேயே பாடங்கள் இருக்கின்றன.

சப்பாத்திக்கள்ளியின் கதை அவற்றுள் பழையது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி செஞ்சாயத்துக்கு ஆசைப்பட்டது. மெக்சிகோவின் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் அந்தச் சாயம் ஸ்பானியர் கையில் இருந்தது. சென்னையில் மருத்துவத் துறைத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், பூச்சி வந்தால் மேய்வதற்கென்று சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சி இந்தியாவுக்கு வந்தது. வந்தது வேறு பூச்சி. அதன் சாயம் மட்டமானது; கள்ளியைத் தின்பதில்தான் அது வல்லது. இங்கே பரவியிருந்த ஒருவகைக் கள்ளியை அது தின்று தீர்த்தது. யாரும் திட்டமிடாத அந்த அழிவைக் கண்டுதான், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அதே பூச்சியைத் தெரிந்தே கள்ளிக்காட்டில் விட்டார்கள். களையை ஒழிக்கப் பூச்சியை நாடு விட்டு நாடு கொண்டுபோன முதல் முயற்சிகளில் ஒன்றாக அறிவியல் நூல்கள் அதைச் சொல்கின்றன.

அதோடு முடிந்துவிடவில்லை. வேறு வகைக் கள்ளிகளும் இங்கே வேரூன்றியிருந்தன. பழைய பூச்சி அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேய்ச்சல் நிலமும் வண்டிப்பாதையும் முள்ளால் மூடின. 1926இல் இலங்கையிலிருந்து கொச்சினீல் குடும்பத்தின் இன்னொரு இனத்தைக் கொண்டுவந்த பிறகுதான் அவை அடங்கின. இரண்டு பூச்சிகளும் பார்வைக்கு ஒன்றே போல் இருக்கும். கள்ளியின் மேல் வெள்ளைப் பஞ்சு, நசுக்கினால் சிவப்பு. எந்தப் பூச்சி எந்தக் கள்ளியைத் தின்னும் என்று பிரித்தறிய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. இனம் பிரித்துப் பெயரிடும் வேலையை அருங்காட்சியகத்து அலமாரி வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை. அந்த வேலையில் ஒரு பிழை நேர்ந்தால் ஒரு தலைமுறை விவசாயி அதன் விலையைக் கொடுக்கிறார்.

சரியாகச் செய்யவும் நமக்குத் தெரியும். 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது. பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று பாய்ந்தது. மருந்தடித்தும் அடங்கவில்லை, மேலே படிந்த மெழுகு மருந்தை உள்ளே விடவில்லை. 2010இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து கடுகளவுகூட இல்லாத ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தார்கள். பெங்களூருவில் தனிமைப்படுத்தி வைத்து, நம் பட்டுப்புழுவையோ வேறு நன்மைப் பூச்சிகளையோ தொடுமா என்று சோதித்த பிறகே தோட்டத்துக்கு விட்டார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி விநியோகித்தது. குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். அதன் புழு உள்ளிருந்தே தின்னும். ஓரிரு ஆண்டுகளில் தோட்டங்கள் மீண்டன. இந்த வெற்றியை நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

அதே சமயம் நம் ஊருணிகளில் கம்பூசியா நீந்திக்கொண்டிருக்கிறது. 1928இல் இத்தாலி வழியாக இந்தியாவுக்கு வந்த சிறு மீன். கொசுப்புழுவைத் தின்னும் என்பதற்காக மலேரியா ஒழிப்பில் சேர்த்தார்கள். இன்றும் உள்ளாட்சிகள் குளத்தில் விடுகின்றன. கொசுப்புழுவைத் தின்பது உண்மை. தவளையின் தலைப்பிரட்டையையும் மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்பதும் அதே அளவு உண்மை. உலகின் மிக மோசமான நூறு அயல் உயிரிகள் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. மூடிய தொட்டியிலோ கைவிட்ட கிணற்றிலோ விட்டால் சேதம் அங்கேயே நிற்கும். செட்டிநாட்டு நீர்நிலைகள் அப்படிப்பட்டவை அல்ல. வரத்துக்கால் வழியே ஊருணிக்குத் தண்ணீர் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்குப் போகிறது. தண்ணீரோடு மீனும் போகிறது. தொட்டியில் தவறான இறாலை வலையால் எடுத்துவிடலாம். கலுங்கு தாண்டிய மீனை யார் எடுப்பது?

இத்தனைக்கும் கொசுப்புழு தின்னும் மீன் நம் குளத்திலேயே பிறந்து வளர்ந்தது. உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன, நீரின் மேல்மட்டத்திலேயே கரையோரமாக நீந்தும் அந்தச் சின்ன மீனை நாட்டுப்புறத்துப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். குளத்தை வற்றவிடாமல், சாக்கடையைக் கலக்காமல் வைத்திருந்தால் அது தன் வேலையைச் செய்யும். கம்பூசியாவைப் பையில் கட்டிக் கொண்டுவருவது எளிது, சாக்கடையைத் திருப்புவது கடினம். எளிதானதைச் செய்துவிட்டுக் கொசு ஒழிப்பு நடந்தது என்று கணக்கு எழுதுகிறோம். தொட்டியில் உணவைக் குறைக்காமல் இறாலை வாங்குவதும் இதுவும் எனக்கு ஒன்றாகவே தெரிகிறது.

அப்படியானால் ஐப்டேசியா தீமையே உருவானதா? ஆய்வுக்கூடத்தில் கேட்டால் வேறு பதில் வரும். பவளத்தைப் போலவே அதன் உடலுக்குள்ளும் ஒளியில் உணவாக்கும் நுண்பாசிகள் வாழ்கின்றன. வளர்ப்பதும் எளிது. ஆகவே வெப்பம் ஏறும்போது பவளம் தன் பாசியை இழந்து ஏன் வெளுக்கிறது என்று ஆராய்கிறவர்களுக்கு அதுவே முதன்மையான துணை. 2015இல் அதன் மரபணுத்தொகுதியையே படித்து வெளியிட்டார்கள். 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்தன. அந்த நோயின் உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள, தொட்டிக்காரர்கள் ஊசி போட்டுக் கொல்லும் இந்த உயிர் உதவுகிறது. தனக்குரிய கடலில் அது களை இல்லை. தின்பவையும் தடுப்பவையும் இல்லாத இடத்துக்கு நாம் கொண்டுவந்த பிறகே களையாயிற்று.

சிவகங்கைக்காரர்கள் இதைக் கேட்டதும் நினைப்பது சீமைக்கருவேலத்தைத்தான். 1877இல் சென்னை மாகாணத்தில் விறகுக்காக விதைத்த மரம். இன்று காரைக்குடியிலிருந்து எந்தத் திசையில் போனாலும் கண்மாய்க்குள் அதுதான் நிற்கிறது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னது. பொக்லைன்கள் வந்து பிடுங்கின. மண்ணில் கிடந்த விதையும் மிஞ்சிய அடிவேரும் அடுத்த மழைக்குத் துளிர்த்தன. இதைத் தின்னும் பூச்சி ஒன்று இருந்தால் கொண்டுவந்து விடலாமே என்ற பேச்சு டீக்கடையிலும் கேட்கிறது.

பூச்சி இருக்கிறது. தென்னாப்பிரிக்கா 1987இல் விதை துளைக்கும் வண்டு ஒன்றை அமெரிக்காவிலிருந்து கொண்டுபோய் விட்டது. மரம் நிழலும் தீவனமும் தருகிறது, ஆகவே மரத்தை விட்டுவிட்டு விதையை மட்டும் அழிப்போம் என்பது அவர்கள் யோசனை. வண்டு வந்து சேரும் முன்பே ஆடுமாடுகள் நெற்றுகளைத் தின்றுவிட்டன; சாணத்தில் விதை போய் முளைத்தது. எதிர்பார்த்த அளவு பலன் இல்லை. நம் பக்கத்திலும் கிடை போடும் ஆடுகள் அதே நெற்றைத்தான் தின்கின்றன. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இந்த மரத்தை நம்பியே அடுப்பெரிக்கின்றன. மரமே பட்டுப்போகும்படி ஒரு பூச்சி வந்தால், மழை பொய்த்த ஆண்டில் அவர்களுக்கு வேறு என்ன வேலை என்ற கேள்விக்கு முதலில் விடை வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. சீமைக்கருவேலத்துக்கு இந்த மண்ணில் ஒரு உறவு உண்டு, வன்னி. பல சிவன் கோயில்களில் தலமரம். விஜயதசமியன்று அம்பு போடும் சடங்கும் வன்னியை வைத்தே நடக்கிறது. இரண்டையும் ஒரே பேரினத்தில்தான் தாவரவியலார் வைத்திருந்தார்கள். 2022இல் சீமைக்கருவேலத்தைத் தனியே பிரித்து நெல்டுமா என்ற பேரினத்தில் சேர்த்தார்கள்; வன்னி பழைய இடத்திலேயே இருக்கிறது. ஏட்டில் பிரிந்ததைப் பூச்சி மதிக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே எந்தப் பூச்சியை எந்த நாட்டிலிருந்து கொண்டுவருவதானாலும், பூட்டிய கூண்டுக்குள் முதலில் அதன் முன்னே வைக்க வேண்டியது வன்னியின் இலையும் பூவும் நெற்றும்தான். அதைத் தொடாமல் பட்டினி கிடந்து செத்தால் மேற்கொண்டு பேசலாம். ஒரு கடி கடித்தாலும் வந்த பெட்டியோடு அழித்துவிட வேண்டும்.