ஏழு தலையும் ஏழு கிரீடமும்

வில்லனுக்காக நியாயம் கேட்கலாமா? கேட்டால் அவன் செய்த அட்டூழியத்துக்கெல்லாம் வக்காலத்து வாங்கியதாக ஆகிவிடுமா? மறுவாசிப்பு என்று பேச்செடுத்தாலே இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. கேட்கக்கூடாது என்கிறவர்கள் ஒழுக்கத்தின் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். கேட்டே தீரணும் என்கிறவர்கள் கலகத்தின் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே சுலபமான இடங்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு கதையை வைத்து இதைப் பேசிப்பார்க்கலாம்.

கதை ஜெர்மன் கதை. ஈ. டி. ஏ. ஹாஃப்மன் எழுதி 1816இல் பெர்லினில் வெளியான 'நட்கிராக்கரும் எலி ராஜாவும்'. கிறிஸ்துமஸுக்காகக் குழந்தைகளை முன்னிறுத்தி எழுதிய மாயக்கதை. மரீ என்கிற ஏழு வயதுச் சிறுமிக்குக் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஒரு மரப்பொம்மை கிடைக்கிறது. வாயில் கொட்டையை வைத்தால் கடித்து உடைக்கிற நட்கிராக்கர் பொம்மை. நள்ளிரவில் தரையைப் பெயர்த்துக்கொண்டு எலிப்படை வருகிறது. தலைமை எலிக்கு ஏழு தலை, தலைக்கொரு கிரீடம். பொம்மைகளுக்கும் எலிகளுக்கும் சண்டை. மரீ தன் செருப்பைக் கழற்றி எலி ராஜாமேல் எறிகிறாள். கண்ணாடி அலமாரியில் இடித்துக் கை கிழிந்து படுக்கையில் விழுகிறாள்.

இவ்வளவுதான் கதை என்றால் எலி ராஜா வெறும் பூச்சாண்டி. ஆனால் ஹாஃப்மன் இன்னொரு கதையை உள்ளே வைத்திருக்கிறார். படுத்துக்கிடக்கும் மரீக்கு அவளுடைய ஞானத்தகப்பனார் டிராசல்மையர் சொல்கிற கதை அது.

ஒரு ராஜா பெரிய விருந்து வைக்கிறார். விருந்தில் முக்கியமானது பன்றிக்கறியை அரைத்துக் குடலில் அடைத்துச் செய்கிற சாஸேஜ். (அந்த ஊரில் ராஜா வீட்டு விருந்தே பன்றிக்கறிதான் என்பதை நம்மூர்ச் சுத்தக்காரர்கள் கவனிக்கட்டும்.) ராணியே அடுப்படியில் நின்று பன்றிக்கொழுப்பை வறுக்கிறாள். அந்த அரண்மனையிலேயே, அடுப்புக்கடியில், எலிகளின் ராணி குடியிருக்கிறாள். அவள் வந்து, நானும் ராணிதான், உனக்கு உறவுமுறைதான், எனக்கும் கொஞ்சம் கொடு என்று கேட்கிறாள். ராணி மனமிரங்கிக் கொடுக்கிறாள். உடனே அவளுடைய ஏழு பிள்ளைகளும் சொந்தபந்தங்களும் வந்து புகுந்து பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறார்கள். விருந்தில் ராஜாவுக்குக் கொழுப்பு குறைந்துபோகிறது. வெளிறிப்போய்த் தேம்பி அழுகிறார்.

அப்புறம் நடப்பதுதான் முக்கியம். ராஜாவின் மந்திராலோசனை சபை கூடுகிறது. எலி ராணிமேல் வழக்கு நடத்துவது, சொத்தையெல்லாம் பறிமுதல் செய்வது என்று முடிவாகிறது. ஆனால் ராஜாவுக்குப் பொறுமை இல்லை. வழக்கு முடிகிறவரைக்கும் அவள் என் கொழுப்பைத் தின்னுக்கிட்டேதானே இருப்பா என்று நினைக்கிறார். விசாரணையை விட்டுவிட்டு அரண்மனைக் கடிகாரக்காரனிடம் விஷயத்தை ஒப்படைக்கிறார். அவன் எலிப்பொறியைக் கண்டுபிடித்து, வறுத்த கொழுப்பையே இரையாக வைக்கிறான். எலி ராணி ஏமாறவில்லை. அவளுடைய ஏழு பிள்ளைகளும் உறவுக்காரர்கள் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். அதே அடுப்படியில் வைத்துக் கொல்லப்படுகிறார்கள்.

எலி என்று சொல்லிவிட்டால் பொறி வைப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்தப் பெயருக்குள்ளேயே தண்டனையும் இருக்கிறது. ஆனால் பேசுகிற எலி, உறவு சொல்லிக் கேட்கிற எலி, பிள்ளைகளைப் பறிகொடுத்து அழுகிற எலி என்று ஹாஃப்மன் எழுதிவிட்டார். எழுதிய பிறகு அது பொறி இல்லை, கொலைக்களம்.

ஏழு பிள்ளைகள் செத்தபிறகு அந்தத் தாய்க்குப் பிறந்தவன்தான் எலி ராஜா. ஏழு தலையோடு பிறக்கிறான். செத்த ஏழு பேரும் ஒரே உடம்பில் முளைத்து வந்தமாதிரி என்றுதான் நான் படிக்கிறேன். அவனைப் பார்த்து அருவருப்படைகிறவர்கள் அந்த ஏழு தலையின் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

இந்தக் கதையைச் சொல்வது யார்? டிராசல்மையர். மரீயின் வீட்டுக்கு வந்துபோகிற இந்த மனிதர் நீதிமன்ற அதிகாரி, கடிகாரம் செய்வதிலும் கெட்டிக்காரர். உள்கதையில் பொறி செய்த கடிகாரக்காரன் பெயரும் டிராசல்மையர்தான். ஆக, பொறி வைத்தவன் பெயரைச் சுமக்கிறவன் வாயிலிருந்துதான் எலிகளின் கதை நமக்குக் கிடைக்கிறது. அப்படி இருந்தும் அந்த ஏழு சாவை அவரால் மறைக்க முடியவில்லை. கதையைக் கேட்ட மரீ, நட்கிராக்கராக மாறிவிட்ட வாலிபனை ஏற்க மறுத்த இளவரசியை நன்றிகெட்டவள் என்று திட்டுகிறாள். எலி ராஜாவை ஒழித்தால் சரியாகிவிடும் என்கிறான் அவள் அண்ணன். அந்த ஏழு பேரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஹாஃப்மன் பெர்லினில் நீதிபதியாக இருந்தவர். 1819இல் பிரஷ்ய அரசு அரசியல் சந்தேக நபர்களை விசாரிக்க அமைத்த கமிஷனில் அவரையும் போட்டது. கருத்துக்காக ஒருவரை அடைத்துவைக்கச் சட்டத்தில் இடமில்லை என்று எழுதி, யான் என்பவரை விடுவிக்கச் சொன்னார். பிறகு ஒரு நாவலில், ஆளை முதலில் பிடிப்போம், குற்றம் தானாக வரும் என்று நம்புகிற அதிகாரியைக் கிண்டல் செய்தார். அரசு கையெழுத்துப் பிரதியைக் கைப்பற்றி அவர்மேல் நடவடிக்கை எடுத்தது. அது முடிவதற்குள் 1822 ஜூனில் இறந்துபோனார். விசாரணை நடத்தாமல் பொறி வைக்கிற ராஜாவை அவர் சும்மா எழுதவில்லை.

சரி, அப்படியானால் எலி ராஜா செய்ததெல்லாம் நியாயமா? இங்கேதான் கலகக்காரத் தோழர்களோடு எனக்குப் பிணக்கு. அவன் ராத்திரியில் மரீயின் காதருகே வந்து, உன் மிட்டாயைக் கொடு, பாதாம் மாவில் செய்த மார்சிபானைக் கொடு, இல்லாவிட்டால் உன் நட்கிராக்கரைக் கடித்துத் துண்டாக்குவேன் என்கிறான். அடுத்த நாள் சர்க்கரைப் பொம்மைகள். அதற்கடுத்து படப் புத்தகங்கள், கிறிஸ்துமஸ் சட்டை. மார்சிபான் அவனுக்குப் பிடிக்கக்கூட இல்லை. ஆனாலும் கடித்துக் குதறிப் போட்டுவிட்டுப் போகிறான்.

தாய் கேட்டதையும் மகன் கேட்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவள் உறவு சொல்லிப் பங்கு கேட்டாள். இவன் மிரட்டி வரி கேட்கிறான். அதுவும் யாரிடம்? கொலைக்கு உத்தரவிட்ட ராஜாவிடம் இல்லை. ஒரு பாவமும் அறியாத ஏழு வயதுக் குழந்தையிடம். அவன் தாயும் கடைசியில் தொட்டிலில் கிடந்த ராஜாவின் பெண்குழந்தையைத்தான் விகாரமாக்கினாள். கோபம் நியாயமானது. ஆனால் அது அரண்மனை வாசலுக்குப் போகாமல், கைக்கெட்டுகிற எளிய ஆளின் வாசலில் போய் நிற்கிறது. செத்த பிள்ளைகளின் பெயர் மறந்துபோய், தலைக்கொரு கிரீடம் மட்டும் மிஞ்சுகிறது.

"வேற வழி என்ன இருந்துச்சு அவனுக்கு? கோர்ட்டு கூடுச்சா?" என்று கேட்பீர்கள். கூடவில்லை. அது ராஜாவின் குற்றம். அந்தக் குற்றம் மரீயின் கணக்கில் எப்படி ஏறும்? ஒடுக்கப்பட்டான் என்பதாலேயே ஒருத்தன் செய்வதெல்லாம் நியாயம் ஆகிவிடாது. அதேபோல, அவன் செய்தது அநியாயம் என்பதாலேயே அவன் வீட்டில் விழுந்த ஏழு பிணமும் இல்லை என்று ஆகிவிடாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல நமக்குத் தைரியம் வேண்டும். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விழுங்குகிற இடத்தில்தான் அடுத்த எலி ராஜா உருவாகிறான், அடுத்த பொறியும் தயாராகிறது.

உலகம் எதை விழுங்கியது என்பதைப் பார்த்துவிடுவோம். அலெக்சாந்தர் டூமா 1844இல் இந்தக் கதையைப் பிரெஞ்சில் எழுதினார். அதை வைத்து 1892 டிசம்பரில் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் சைக்கோவ்ஸ்கியின் இசையோடு பாலே நாடகம் அரங்கேறியது. அதில் அடுப்படியும் இல்லை, பொறியும் இல்லை, ஏழு பிள்ளைகளும் இல்லை. முதல் அங்கத்திலேயே எலி ராஜா ஒழிகிறான். மிச்ச நேரம் தித்திப்பு தேசத்தில் நடனம். இன்றைக்குக் கிறிஸ்துமஸ் என்றால் பல நாடுகளில் இதுதான் மேடையேறுகிறது. முன்கதையை வெட்டிவிட்டதால் அவன் பிறவிக் கெட்டவன். 1991இல் மார்க் மோரிஸ் தன் நடன நாடகத்தில் வெட்டப்பட்ட கதையைத் திரும்பச் சேர்த்தார் என்பது ஆறுதல்.

ஹாஃப்மன் கதையின் கடைசியில் நட்கிராக்கர் எலி ராஜாவைக் கொன்று ஏழு கிரீடங்களையும் மரீயிடம் கொடுக்கிறான். அவள் அதைப் பெற்றோரிடம் சாட்சியாகக் காட்டுகிறாள். டிராசல்மையர் சிரித்துக்கொண்டே, இது என் கடிகாரச் சங்கிலியில் கிடந்தது, உன் இரண்டாவது பிறந்தநாளுக்கு நான் கொடுத்ததுதானே என்கிறார். பெரியவர்கள் நம்பிவிடுகிறார்கள். மரீயோ பொம்மை தேசத்துக்கு ராணியாகிறாள். பொறி வைக்கச் சொன்ன ராஜாவிடம் மட்டும் கடைசிவரைக்கும் யாரும் எதையும் கேட்கவில்லை.