சுவரின் வெளிப்புறம்

தூனிஸ் நகருக்கு வடகிழக்கே, மத்தியதரைக் கடலை நோக்கிய குன்றின்மேல் ஸீதி பூ ஸயீத் என்றோர் ஊர். 1231-ல் மறைந்த அபூ ஸயீத் அல்-பாஜி என்னும் இறைநேசரின் அடக்கத்தலத்தைச் சுற்றி வளர்ந்தது, பெயரும் அவருடையதே. சுவரெல்லாம் வெள்ளை, கதவும் ஜன்னலும் நீலம்.

அந்நிறம் இன்று அவரவர் விருப்பமல்ல. பிரெஞ்சு ஆதிக்கத்தின்போது, 1915-ல், ஊரின் தோற்றத்தைக் காக்க ஓர் ஆணை பிறந்தது. அதற்கு முயன்றவர் அங்கே மாளிகை கட்டிக்கொண்டிருந்த ஓவியர் ரொடோல்ஃப் தெர்லாங்கர் பிரபு. அதுமுதல் வீட்டுக்காரர் தம் சொந்தச் சுவருக்கும் நினைத்த சாயம் பூச முடியாது.

இது நியாயமா? நம் காசில் வாங்கிய கடைக்கு நாம் பச்சையும் அடிப்போம், மஞ்சளும் அடிப்போம், கேட்பவர் யார் என்றுதான் வியாபாரிக்குத் தோன்றும். ஆனால் சுவரின் வெளிப்புறத்தை நாள்தோறும் பார்ப்பவர் எதிர்வீட்டாரல்லவா? ஒருவர் மீறினால் தெருவே கெடும். ஆகவே கட்டுப்பாடு தகும் என்பதே எம் கட்சி.

ஆயினும் ஒரு கணக்கு பாக்கி. உப்புக்காற்றில் உதிரும் சுண்ணாம்பை மறுபடியும் பூசுபவர் வீட்டுக்காரர். அந்த வெண்மையைக் காண வருவோருக்குத் தேநீர் விற்று இலாபம் எடுப்பவர் கடைக்காரர். முதல் ஒருவருடையது, இலாபம் முழுதும் மற்றவருக்கு என்றால் எந்தக் கூட்டு வியாபாரத்திலாவது நாம் ஒப்புவோமா? சுண்ணாம்புச் செலவில் கடைத்தெருவும் ஒரு பங்கு ஏற்கட்டும். பூசுகிற கூலியிலும் சேர்த்து.