மகப்பேறும் மனத்தளர்ச்சியும்

மக்கட்பேறு இல்லறத்தார் பெறும் பேறுகளுட் சிறந்ததென்பது சைவ நன்மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டாதது. பெண்ணாகடத்து அச்சுதகளப்பாளர் மகவின்றி வருந்தியதும், அவர்தம் குலகுருவாகிய சகலாகம பண்டிதர் திருமுறையிற் கயிறு சாத்திப் பார்த்ததும், அதிற் கண்டவாறே திருவெண்காட்டு முக்குளத்தில் மூழ்கி வழிபட்டு அவர் பெற்ற பிள்ளையே மெய்கண்ட தேவராய் விளங்கியதும் நம்மவர் யாவரும் அறிவர். பிள்ளை வேண்டி நோற்றல் பற்றி நம் நூல்களிற் செய்தி நிரம்ப உண்டு. கருவிலுள்ள உயிரின் நிலை பற்றியும் திருமூல தேவர் கர்ப்பக்கிரியை என்னும் பகுதியில் விரித்தருளினார். ஆயின், பிள்ளை பிறந்த பின்னர்ப் பெற்றவள் மனத்தில் நிகழ்வது யாதென்பது பற்றி நம் சபைகளில் ஆராய்ச்சி அரிதாகவே நடைபெறுகின்றது. சொற்பொழிவு செய்வோர் பெரும்பாலும் ஆடவராதலின் இவ்வாறாயிற்றோ என்று ஐயுறுதற்கும் இடமுண்டு.

நிகழ்வது இது. ஒருத்தி பல்லாண்டு எதிர்நோக்கிய மகவைக் கையில் ஏந்துகின்றாள். சுற்றத்தார் மகிழ்கின்றனர். அவள் நெஞ்சிலோ உவகை எழவில்லை. காரணமின்றிக் கண்ணீர் பெருகுகின்றது. இரவின் மூன்றாம் யாமத்தில் குழந்தை நான்காம் முறையாக வீறிடும்போது சினம் மூளுகின்றது. ‘இது பிறவாதிருந்தால் நன்றாயிருக்குமே’ என்றோர் எண்ணமும் மின்னி மறைகின்றது. மறைந்தவுடன் அவள் நடுங்குகின்றாள். ‘யான் தாயோ, பேயோ?’ என்று தன்னையே இகழ்ந்துகொள்கின்றாள். இதனை ஒருவரிடமும் சொல்லுகின்றிலள். சொன்னாலோ, ‘பிள்ளை பெற்ற வீட்டில் அழலாமா? எத்தனை பேர் இதற்குத் தவங்கிடக்கின்றார்கள்!’ என்னும் விடையே கிடைக்கின்றது. இவ்வன்பின்மை அவள்பாற் குற்றமாகுமா, ஆகாதா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

உடல்நூலார் கூற்றை முதற்கண் நோக்குவோம். மகப்பேற்றின் பின் நஞ்சுக்கொடி நீங்கியவுடன், கருக்காலத்தில் மிகுந்திருந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்புநீர்கள் விரைந்து குறைந்துவிடுகின்றன. பிறந்த குழவி ஒரு நாளில் 8 முதல் 12 முறை பாலுண்ணும். ஆகவே தாய்க்குத் தொடர்ந்த உறக்கம் என்பது இல்லை. மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரையிற் காரணந் தெரியாத அழுகையும் கலக்கமும் மிகுதலும், இரண்டு வாரத்துள் அவை தாமே தணிதலும் பெண்களுட் பாதிக்கு மேற்பட்டோர்க்கு இயல்பாக உள்ளவை. சிலர்க்கு மட்டும் அஃது அவ்வாறு தணியாது நோயாக நிலைக்கின்றது. மகப்பெற்றாருள் நூற்றுக்கு 13 பேர் அளவினர் மனநோய்க்கு, அதனுள்ளும் பெரும்பாலும் மனச்சோர்வு நோய்க்கு, ஆட்படுகின்றனர் என்றும், வளரும் நாடுகளில் அத்தொகை ஏறத்தாழ 20 என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. எனவே, இஃது எங்கோ ஓர் இல்லத்தில் நிகழும் அருநிகழ்ச்சியன்று. இவ்விதழ் செல்லும் இல்லங்களிலும் நிகழ்வதே.

அற்றேல், ஒருவர் கடாவுவர்: ‘அருளுக்கு உவமையாகத் தாயன்பையன்றோ ஆன்றோர் எடுத்தாண்டனர்? மணிவாசகப் பெருமான் இறைவனது பரிவைக் குழவிக்குப் பாலூட்டும் தாயின் பரிவோடு ஒப்பிட்டன்றோ பாடியருளினார்? அத்தகைய அன்பு இல்லாதவள் தாயாதல் எங்ஙனம்?’ என்று.

இவ்வுவமையைப் பலரும் தலைகீழாகக் கொள்கின்றனர் என்பது எமது துணிபு. பிடித்த பத்திற் பெருமான் கூறியது இறைவன் தாயினும் மிக்கவன் என்பதே. ‘மிக்கவன்’ என்றமையால், தாயன்பு எவ்வளவு பெரிதாயினும் அதற்கு ஓர் எல்லையுண்டு என்பதும் உடன் பெறப்பட்டது. தாயும் பசுவே, மும்மலமுடைய உயிரே. அவள் உடம்பு தளரும், கண் துஞ்சும், சினம் எழும். தளராமலும் துஞ்சாமலும் வேறுபடாமலும் நிற்கும் பரிவு பதியொருவனுக்கே உரியது. அதனைப் பெற்றவளிடம் எதிர்பார்ப்பவர் பதியிலக்கணத்தைப் பசுவின்மேல் ஏற்றுகின்றனர். சித்தாந்தம் கற்றவர் செய்யத்தகாத பிழை இது. பதிக்கு உரிய இலக்கணம் தன்னிடத்தில் இல்லையே என்று ஓர் இளந்தாய் அழுவாளாயின், அவ்வழுகைக்கு நம் மேடைகளும் ஓரளவு பொறுப்புடையன.

இதனினும் வலிய தடையொன்று உண்டு. வினை மனம் வாக்குக் காயங்களான் ஈட்டப்படுவது. ஆகவே மனத்தெழுந்த வெறுப்பும் வினையே. பிராரத்தத்தை நுகருங்கால் எழும் விருப்பு வெறுப்புக்களாலன்றோ ஆகாமியம் ஏறுகின்றது? அங்ஙனமாயின் அவ்வெண்ணம் எழுந்த கணத்திலேயே அவள் வினை செய்தாளாகாளோ? என்பது அத்தடை.

இதற்கு விடை அந்தக்கரணங்களின் தொழிலை நுணுகி நோக்குவார்க்கு விளங்கும். சித்தம் சிந்திப்பது, மனம் ஒன்றைப் பற்றி ஐயுறுவது, அகங்காரம் ‘யான்’ என்று எழுவது, புத்தி இன்னதெனத் துணிவது. இவை தனித்தனி வேறு தொழிலுடையன. ஒன்றன் செயலை மற்றொன்றன் செயலாகக் கொள்ளுதல் கூடாது. உறக்கமின்றி நொந்த உடம்பில் முக்குணங்கள் நிலைகுலைந்து, மனத்தின்கண் ஓர் எண்ணம் வந்து விழுகின்றது. புத்தி அதனைத் துணிந்ததா? உயிர் அதற்கு உடன்பட்டதா? உடன்பட்டதாயின், அவள் எழுந்து குழந்தையை எடுத்து அணைத்தல் எதற்கு? தன்னைப் பேயெனப் பழித்துக்கொள்ளுதல் எதற்கு? அவள் நடுக்கமே புத்தி மறுத்தமைக்குச் சான்று. வந்து விழுந்த எண்ணம் நுகர்வின்பாற்படும். உடன்படாத அது ஆகாமியமாகாது. தலைவலி வந்தவனை ‘நீ தலைவலியைச் செய்தாய்’ என்று பழிப்பார் இல்லை.

அவ்வெண்ணத்தின் பின்னர் எழும் மற்றொன்று உண்டு. ‘இப்பிள்ளையின் நலமும் கேடும் முற்றிலும் என்னால் ஆவன, யான் தவறினேன், யானே கெடுத்தேன்’ என்று நாள்தோறும் தன்னை வருத்துதல். இதனைப் பலரும் நல்லொழுக்கம் எனக் கருதுகின்றனர். ஆராயுங்கால் யான் எனது என்னும் செருக்கே மாறுவேடம் பூண்டு வந்தது இது. அறிவற்ற வினை தானே சென்று பொருந்தமாட்டாது. அவ்வவ்வுயிரின் வினைக்கேற்ற உடம்பையும் இடத்தையும் கூட்டுவிப்பவன் இறைவன் என்பது சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தின்வழி நாம் அறிந்தது. பிறந்த குழவி தன் வினையும் தன் அறிவும் உடையதோர் உயிர். பெற்றோர் அதன் பிறப்புக்கும் வளர்ப்புக்கும் துணைக்காரணர். மெய்கண்டாரே பெண்ணாகடத்துப் பிறந்து, திருவெண்ணெய்நல்லூரில் தம் மாமனார் இல்லத்தில் வளர்ந்தார் அல்லரோ? நோற்றுப் பெற்றவர் ஒருவர், வளர்த்தவர் ஒருவர், பரஞ்சோதி முனிவராய் வந்து உபதேசித்தவர் ஒருவர். ஒரு பிள்ளைக்கு எத்துணைக் கைகள்!

இனி, அன்பு தோன்றாத அந்நாட்களில் அவள் செய்யும் பணியின் மதிப்பு யாது? அரைக்கண் துயிலில் எழுந்து, உள்ளத்தில் யாதோர் உருக்கமுமின்றிப் பாலூட்டுகின்றாள், ஈரத்துணி மாற்றுகின்றாள், தோளிற் சாய்த்து முதுகு தடவுகின்றாள். ‘எல்லாம் இயந்திரம்போற் செய்கின்றேன், இதில் அன்பு எங்கே?’ என்று அவளே கேட்கின்றாள்.

சைவ நூல்களைப் பயின்றார்க்கு இதற்கு விடை எளிது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கனுள் முதற்கண் நிற்பது சரியை. அஃது உடம்பின் தொழில். திருக்கோயிலை அலகிடுதலும் மெழுகுதலும் பூப்பறித்தலும் விளக்கிடுதலும் அதன்பாலன. உள்ளம் உருகிய பின்னரே அலகைக் கையில் எடுக்க வேண்டுமென்று ஆகமங்கள் விதித்தில. கை செய்யச் செய்ய உள்ளம் பின்னே வரும் என்பது அந்நெறியின் கருத்து. உருகாத நெஞ்சத்தோடு மெழுகிய முன்றிலையும் இறைவன் ஏற்றுக்கொள்கின்றான். திருநாவுக்கரசு சுவாமிகள் முதிர்ந்த ஞானியராயிருந்தும் இறுதிவரையில் உழவாரத்தைக் கைவிட்டிலர் என்பதும் நினைக்கத்தக்கது. தாய்மைக்கும் ஒரு சரியை உண்டென்று யாம் கொள்கின்றோம். உருக்கமின்றி எழுந்து ஊட்டிய அந்த இரவுப்பால் அச்சரியையே ஆகும். குழவிக்கு வேண்டுவது அந்நேரத்தில் பாலும் சூடும் ஆகும், அவற்றை அளித்தாள். அன்பு அவளிடத்து இல்லையென்பது எங்ஙனம்? இச்சை உயிரின் குணம். தளர்ந்த கருவி அதனை வெளிப்படுத்தாமையால் அஃது அழிந்ததாகாது. கருமை சார்ந்த படிகம் கரிதாய்த் தோன்றினும் படிகத்தின் ஒளி கெட்டதில்லை.

சிலர் இன்னொரு வகையாற் கொடுமை செய்கின்றனர். ‘எல்லாம் அவள் வினை, பொறுத்துக்கொள்ளட்டும்’ என்பர். பசியும் பிராரத்தமே, பசித்து வந்தவனை அவ்வாறு சொல்லி அனுப்பிவிட்டு இளையான்குடி மாறநாயனார் புராணத்தை எந்த முகத்தோடு படிப்பது? வினை உண்டென்பதால் உதவி விலக்கப்படவில்லை. உதவியும் வினைவழி வந்து சேருவதுதான்.

திருச்சிராப்பள்ளித் தலவரலாற்றை இவர்கள் நினைப்பாராக. கருவுற்ற மகளுக்குத் துணையாய் வரப் புறப்பட்ட தாய் காவிரி பெருகியமையால் அக்கரையில் நின்றுவிட்டாள். இக்கரையில் மகள் தனியளாய் வருந்தினாள். இறைவன் அத்தாயின் வடிவுகொண்டு வந்து மகப்பேற்றுப் பணிகள் எல்லாம் செய்தருளினான். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்தபோது மறைந்தருளினான். தாயுமானவர் என்னும் திருநாமம் இதனால் வந்தது. இவ்வரலாற்றிற் கருதத்தக்கது, இறைவன் செய்ததும் செய்யாததும் ஆகும். அவன் அவளுக்கு உபதேசம் செய்தானில்லை. பொறுமையின் பெருமையை விரித்தானில்லை. அவள் வினையை எடுத்துக் காட்டினானில்லை. வெந்நீர் வைத்தல், மருந்து அரைத்தல், குழந்தையை ஏந்துதல் என ஓர் அன்னை மகளுக்குச் செய்யும் வேலைகளையே செய்தான். முற்காலத்தில் இவ்வேலைகளைத் தாய்வீடும் அத்தையரும் பாட்டியரும் பகிர்ந்தனர். (அவ்வீடுகளில் அவளுக்குச் சொல்லடியும் கிடைத்ததுண்டு, பழமையெல்லாம் இனிமையன்று.) இக்காலத்தில், நகரங்களின் அடுக்குமாடிகளிலும் கடல்கடந்த நாடுகளிலும், கணவன் பணிக்குச் சென்றபின் ஒரு பெண் நாள் முழுவதும் குழவியோடு தனித்திருக்கின்றாள். நடுவே காவிரி இல்லையாயினும் அக்கரை இக்கரை உண்டு.

இரண்டு வாரம் கடந்தும் துயரம் தணியாதாயின், குழந்தை உறங்கும்போதும் உறக்கம் வாராதாயின், தன்னையோ மகவையோ ஊறுசெய்யும் எண்ணம் மீண்டும் மீண்டும் வருமாயின், காலந் தாழ்க்காது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். 1987-ஆம் ஆண்டில் எடின்பரோவில் மருத்துவர் ஆக்கிய பத்து வினாக்கள் கொண்ட ஏடொன்று இந்நோயை முன்னறிதற்கு இன்று பல நாடுகளிலும் வழங்குகின்றது. வினவுவதற்குச் சிலமணித்துளிகளே ஆகும். அரிதாய், ஆயிரவருள் ஒருவர் இருவர்க்கு, அறிவே திரிந்து இல்லாதன காணும் கடுநோயும் மகப்பேற்றை அடுத்த வாரங்களில் வருவதுண்டு. அது பேய்க்கோளாறன்று, அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய நோய். திருநீறு நெற்றியில் இருக்க, மருந்தும் உள்ளே செல்லலாம். இரண்டும் தம்முள் மாறுபடா.

தந்தையர்க்கும் இத்துயரில் பங்குண்டு. மகப்பிறந்த முதலாண்டில் ஆடவரும் மனச்சோர்வுக்கு ஆட்படுதலை உளநூலார் கண்டறிந்துள்ளனர். ஆடவர்பால் அது பெரும்பாலும் அழுகையாக வெளிப்படாது, சினமாக வெளிப்படும்.

சேக்கிழார் பெருமான் இதனை மறைத்தாரில்லை. சீகாழியில் மூன்றாண்டுப் பிள்ளையைத் திருக்குளக்கரையில் இருத்தி நீராடச் சென்ற சிவபாத இருதயர், நீருள் மூழ்கியிருந்த சிறுபொழுதில் பிள்ளையார் தந்தையைக் காணாது அழுதார். உமையம்மையார் பொற்கிண்ணத்திற் சிவஞானப் பாலை ஊட்டியருளினார். கரையேறிய தந்தையார் மகன் கடைவாயிற் பால் வழிவது கண்டு, யார் தந்ததை உண்டாய் என்று வெகுண்டு சிறிய கோலொன்றை ஓங்கினார். உலகம் உய்யத் தோன்றிய அப்பிள்ளையின் தந்தையும், உளமாரச் சிவபெருமான் திருவடியையே நினைந்திருந்தவரும், சினந்து கோல் ஓங்கினார் என்பதைப் பெரியபுராணம் ஒளிக்காது கூறுகின்றது. அதனாற் சிவபாத இருதயரை இழித்துரைத்தார் சைவருள் ஒருவரும் இலர்.

அதன்பின்னர் அவர் அப்பிள்ளையைத் தம் தோள்மேல் இருத்தித் தலந்தோறும் சுமந்து சென்றார். திருநெல்வாயில் அரத்துறைக்குச் செல்லும் வழியில் பிள்ளையார் தோளிலிருந்து இறங்கி நடந்தருளினார். நடந்து திருவடி நொந்தது கண்டு வருந்தினார் தந்தையார். அன்றிரவு மாறன்பாடியில் தங்கியபோதுதான் இறைவன் முத்துச் சிவிகையை அளிக்கத் திருவுளங்கொண்டான்.