போஸ்டரில் யார் முகம்?

ஒரு பாட்டு, அதற்கு மூன்றரை நிமிடக் காணொளி. கூடவே ஆல்பம் அட்டை, ஒரு போஸ்டர், முப்பது நொடி டீசர். இவ்வளவையும் ஏன் இப்படிச் செய்தோம் என்று விளக்கி ஓர் அறிக்கை. திருச்சியில் விஸ்காம் படிக்கும் என் தங்கை மகளுக்குப் பருவத் தேர்வுக்கான செய்முறைப் பணியாக இதைக் கொடுத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஏ லெவல் ஊடகப் பாடத்தில் பல காலம் இருந்துவந்த பயிற்சிதான் இது. அங்கே பாட்டுக் காணொளியோடு குறுவட்டு உறையும் பத்திரிகை விளம்பரமும் கேட்பார்கள். இங்கே பத்திரிகை விளம்பரத்தின் இடத்துக்கு இன்ஸ்டாகிராம் துண்டுப் படம் வந்துவிட்டது.

"பாட்டுக்குப் படம் எடுக்குறது சரி. படிக்கிற புள்ள எதுக்கு வெளம்பரம் பண்ணக் கத்துக்கணும்?" என்று அவளுடைய அப்பா கேட்டார்.

நம்மில் பலருக்கு உள்ளூர இருக்கும் கேள்விதான். பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். தன்னைத் தானே காட்டிக்கொள்வதைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் பார்க்கிறோம். ஆனால் கேட்டவர் பட்டுக்கோட்டைக்காரர் என்பதுதான் வேடிக்கை. ஆடியிலும் ஆவணியிலும் பட்டுக்கோட்டையிலிருந்து பேராவூரணிப் பக்கம் ஒரு தடவை போய்ப் பாருங்கள். மொய் விருந்துக்கு வைத்த ஃப்ளெக்ஸ்கள் வரிசையாக நிற்கும். விருந்து வைப்பவர் கைகூப்பி நிற்பார். சுற்றிலும் மாமன், மச்சான், பங்காளி முகங்கள். கீழே நடக்கத் தெரியாத பிள்ளை ஒன்று கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கேள்வி கேட்ட மைத்துனரும் அப்படி ஒரு ஃப்ளெக்ஸில் சிரித்துக்கொண்டு நின்றவர்தான். வீட்டில் யாரும் அதை அவருக்கு நினைவூட்டவில்லை.

சினிமாப் பாட்டும் இந்த ஊர்களுக்கு வெறும் பாட்டாக வந்து சேரவில்லை. புதுப்படம் வந்தால் மாட்டு வண்டியின் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, மேளம் அடித்து, நோட்டீஸ் வீசிக்கொண்டு போவார்கள். தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்கும். கதைச் சுருக்கத்தைச் சரியான இடத்தில் நிறுத்திவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று அச்சடித்திருப்பார்கள். இன்றைக்குப் பிள்ளைகள் டீசர் என்று சொல்வதை அன்றே அந்த மட்டமான தாளில் செய்து முடித்துவிட்டார்கள். ஆகவே விளம்பரம் கற்றுக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. போஸ்டரில் யார் முகத்தைப் போடுவது என்று தங்கை மகளும் அவள் குழுவில் இருந்த மற்ற மூன்று பேரும் வாக்குவாதம் பண்ணியபோதுதான் நான் காதைக் கொடுத்தேன்.

யார் முகம் என்ற கேள்வி பட்டுக்கோட்டைக்குப் புதிதல்ல. இந்த ஊரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட பாடலாசிரியர் ஒருவர் இருந்தார். கல்யாணசுந்தரம் என்று மட்டும் சொன்னால் எந்தக் கல்யாணசுந்தரம் என்பார்கள். பட்டுக்கோட்டையைச் சேர்த்தால் விளக்கம் வேண்டாம். 1930இல் பக்கத்துச் செங்கப்படுத்தான்காட்டில் பிறந்தார். வயல் வேலை, விவசாயிகள் இயக்கம், நாடகம் என்று பலதையும் பார்த்துவிட்டுச் சினிமாவுக்குப் போனார். 1959 அக்டோபரில், 29 வயதில் இறந்துபோனார். சினிமாவுக்கு எழுதியது சில வருடங்கள்தான். 1958இல் எம்.ஜி.ஆர். தாமே தயாரித்து இயக்கிய 'நாடோடி மன்ன'னில் அவர் பாட்டுகள் இருக்கின்றன. அவர் போன பிறகு, 1961இல், 'திருடாதே'யும் 'அரசிளங்குமரி'யும் வந்தன. அவற்றில் சிறுவர்களுக்குச் சொல்வதுபோல் அவர் எழுதிவைத்த பாட்டுகளுக்கு எம்.ஜி.ஆர். திரையில் வாயசைத்தார். எழுதியவர் அதைப் பார்க்க இல்லை.

'நாடோடி மன்ன'னில் டி.எம். சௌந்தரராஜன் பாடிய அவருடைய பாட்டு எங்கேயாவது ஒலித்தால், எங்கள் ஊரிலேயே "எம்.ஜி.ஆர். பாட்டு ஓடுது" என்பார்கள். குரல் ஒருவருடையது, மெட்டு எஸ்.எம். சுப்பையா நாயுடுவுடையது, சொல் எங்கள் ஊர்க்காரருடையது. எல்லாம் ஒரே முகத்துக்குள் போய்விட்டன. இதை அநியாயம் என்று ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. அந்த முகம் இல்லாவிட்டால் அந்தச் சொல் அவ்வளவு வீடுகளுக்குள் போயிருக்காது. சொல்லும் அந்த முகத்துக்குச் சும்மா இருக்கவில்லை. நல்லது சொல்லும் அண்ணன் என்று அதை ஊருக்குள் நிறுத்தியது. கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது. ஒருவர் பெயர் மட்டும் மங்கிவிட்டது. இலங்கை வானொலியின் அறிவிப்பாளர்கள் படத்தின் பெயரோடு எழுதியவர் பெயரையும் சொல்லி அந்தக் கடனைக் கொஞ்சம் தீர்த்தார்கள். இன்றைய பண்பலைக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

தங்கை மகள் முதலில் அவருடைய பாட்டு ஒன்றைத்தான் எடுக்க நினைத்தாள். காப்புரிமைக் கணக்கைப் பார்த்தோம். இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் உரிமை ஓடும். பட்டுக்கோட்டையாரின் சொற்களுக்கு அது 2019 முடிவோடு தீர்ந்துவிட்டது. இனி யாரும் எடுத்துப் பாடலாம். மெட்டு அப்படி இல்லை. சுப்பையா நாயுடு இறந்தது 1979இல். 2039 முடியும்வரை மெட்டுக்கு உரிமை உண்டு. பாட்டு ஒன்று, அதற்குள் ஆயுள் வேறு வேறு. கேட்டவுடன் பிள்ளைகள் மலைத்துப்போய், எழுதியவர் யாரென்றே தெரியாத நடவுப் பாட்டுக்கு மாறிக்கொண்டார்கள். போஸ்டரில் யார் முகம் என்ற உண்மையான சிக்கல் அங்கேதான் இருந்தது.

குரலுக்கு ஒருவர், முகத்துக்கு இன்னொருவர் என்பது தமிழ் சினிமாவில் 1938இல் 'நந்தகுமார்' படத்தோடு வந்த ஏற்பாடு. நமக்கு அது பழகிப்போய்விட்டது. திரைக்குப் பின்னால் இருந்தவர்கள் முகத்தோடு வெளியே வருவது அபூர்வம். 2011 நவம்பரில் 'கொலவெறி' பாட்டை ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுத்த காட்சியோடு வெளியிட்டார்கள். மெட்டுப் போட்ட அனிருத்தை ஊர் பார்த்தது அதில்தான். பாட்டுக் காணொளி பற்றி ஆண்ட்ரூ குட்வின் 1992இல் எழுதிய நூலிலிருந்து சில கருத்துகளை ஊடக மாணவர்கள் படிக்கிறார்கள். பாட்டின் சொல்லைக் காட்சி அப்படியே விளக்கலாம், அதைப் பெருக்கிக் காட்டலாம், சொல்லோடு ஒட்டாமலும் போகலாம் என்று அவர் பிரிக்கிறார். இன்னொரு கருத்தும் உண்டு: பாடகரின் குளோசப் நிறைய வேண்டும் என்று இசை நிறுவனம் கேட்கும். முகம் பழகினால்தானே அடுத்த பாட்டு விற்கும்.

குளோசப் யாருக்கு என்பதில் எவ்வளவு இருக்கிறது என்பதை 2021இல் நாடே பார்த்தது. அந்த வருடம் மார்ச்சில் பாடகி தீயும், பாட்டை எழுதிய அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து பிறந்த பாட்டு அது என்று அறிவு சொல்லியிருக்கிறார். காணொளியில் அந்தப் பாட்டியும் வருவார். ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் அட்டைப்படம் போட்டது. தீ இருந்தார், இன்னொரு பாட்டுக்காக ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி கேட்ட பிறகு அறிவைத் தனியே டிஜிட்டல் அட்டையில் போட்டார்கள். நிலம் யாருடையது என்று கேட்ட பாட்டின் அட்டையில் எழுதியவருக்கு இடமில்லை. இதற்கு யாரும் சதி செய்திருக்க வேண்டியதில்லை. பாட்டு முழுவதையும் கேட்க ஐந்து நிமிடம் வேண்டும், அட்டையைப் பார்க்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடிக்குள் யாரை நிறுத்துவது என்று அவசரமாக முடிவு செய்யும்போது, ஏற்கெனவே கண்ணில் படுகிறவர்தான் மறுபடியும் கண்ணில் படுவார்.

எங்கள் பக்கம் நடவுப் பாட்டுப் பாட ஆள் தேட வேண்டியிருக்கிறது. கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை இது. நடவு இயந்திரம் வந்துவிட்டது. அது வராத வயலில் வங்காளத்திலிருந்து வந்த ஆண்கள் நடுகிறார்கள். வேகமான கை. வரப்பில் வைத்த போனில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஆனாலும் உறவினர் வயலில் பல காலம் நடவு நட்ட ஓர் அம்மா இருக்கிறார். ஆரம்பித்தால் பாட்டு நிற்காது. அந்த வயதுப் பெண்களை நிலக்காரர் வீட்டுச் சின்னப் பிள்ளைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட காலத்தை நான் பார்த்திருக்கிறேன். தஞ்சை வயல்களில் கூலிக்கும் மரியாதைக்கும் கொடுத்த விலை 1968இல் கீழ்வெண்மணியில் 44 உயிர். தங்கை மகள் அந்த அம்மாவை "ஆயா" என்றுதான் கூப்பிட்டாள்.

பிள்ளைகளின் திட்டப்படி ஆயா சேற்றில் நிற்க வேண்டும். முந்தானையை இடுப்பில் செருகி, கையில் நாற்று முடியோடு, நெற்றியில் வியர்வை வழிய. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தையெல்லாம் குறித்து வைத்திருந்தார்கள். ஆயா வந்தது அரக்குக் கலர்ச் சேலையில், தலை நிறையப் பூவோடு.

"ஏம் பாப்பா, பொழுதன்னிக்கும் சேத்துலதானே கெடந்தேன். படத்துலயும் சேத்துலயே நிக்கணுமா? நல்ல சீலை ஒண்ணு வச்சிருந்தேன், அதக் கட்டிக்கிட்டு வந்துட்டேன்."

கேமரா பிடித்த பையன் "கான்செப்டே போச்சு" என்று முணுமுணுத்தான். அவன் வருத்தம் எனக்குப் புரியாமலில்லை. சேறும் வெயிலும் அழகாகத்தான் விழுந்திருக்கும்; போட்டிக்கு அனுப்பினால் பரிசுகூட வந்திருக்கும். ஆனால் படம் எடுக்கிறார்கள் என்றால் நாம் என்ன செய்கிறோம்? சட்டையை மாற்றுகிறோம், தலையைச் சீவுகிறோம். என் மைத்துனரின் ஃப்ளெக்ஸ் முகம் கணினியில் இரண்டு சுற்று வெளுத்து வந்தது. வசதியுள்ளவருக்குத் தான் விரும்பியபடி தெரியும் உரிமை இருக்கிறது. ஏழைக்கு மட்டும் இயல்பாக இருக்கும் கடமை. அந்த இயல்பு எது என்பதையும் கேமரா வைத்திருப்பவர்தான் தீர்மானிக்கிறார்.

தங்கை மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆயா எப்படிச் சொல்றாங்களோ அப்படி" என்றாள். கால்வாய்க் கரையில் நிற்க வைத்து எடுத்தார்கள். அடுத்த சிக்கல் வாயசைப்பில் வந்தது. முதல் நாள் பதிவு செய்த பாட்டைப் போட்டு அதற்கேற்ப வாயசைக்கச் சொன்னால் ஆயாவுக்கு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஓர் அடி இடம் மாறும், நடுவில் புதிதாக ஒன்று சேர்ந்துகொள்ளும், ஒரு தடவை கேமராப் பையனையே கேலி செய்து ஓர் அடி வந்துவிட்டது. கடைசியில் மைக்கை வைத்து, பாடுவதையும் படத்தையும் ஒன்றாகவே பிடித்தார்கள். வயல் காட்சிகளில் கைகளும் நாற்றும் மட்டும் வந்தன. அதற்கு ஆயா சம்மதித்தார்.

போஸ்டரில் அரக்குச் சேலை வந்தது. மேலே ஆயாவின் பெயரும் ஊரும். அதற்குக் கீழே பின்பாட்டுப் பாடிய பெண்களின் பெயர்கள், பிறகு மாணவர் பெயர்கள். 'எ ஃபிலிம் பை' என்று யார் பெயரைப் போடுவது என்று அந்த நான்கு பேரும் தங்களுக்குள் போட்ட சண்டை தனிக் கதை. தன் உழைப்புக்குத் தன் பெயர் வேண்டும் என்று நினைப்பதில் தப்பில்லை. ஒதுங்கி நிற்பதே பெருந்தன்மை என்று அந்த வயதுப் பிள்ளைகளுக்கு, அதுவும் பெண் பிள்ளைக்கு, நான் சொல்ல மாட்டேன். போஸ்டருக்குப் பெயர் கொடுத்த ஆயாவிடம் இந்தக் கட்டுரைக்கும் கேட்டேன். "பாட்டுக்குப் போட்டது போதும் தம்பி, அது எதுக்கு?" என்றார். அதனால் இங்கே எழுதவில்லை.

மொய் விருந்தில் நோட்டு எழுதுகிறவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் தெரியும். நூறு ரூபாய் வைத்தவரும் ஊர், தகப்பனார் பெயரின் முதலெழுத்து எல்லாவற்றோடும் நோட்டில் ஏறுவார். இப்போது பல இடங்களில் கணினியிலேயே பதிந்து ரசீது தருகிறார்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் ஓர் உறவு போய்விடும் என்ற பயம் அதில் இருக்கிறது. வாங்கிய பணத்தை இவ்வளவு கறாராக எழுதிவைக்கும் நாம், வாங்கிய பாட்டை யாரிடமிருந்து வாங்கினோம் என்று எழுதிக்கொள்வதில்லை.

ஆசிரியர், போஸ்டரில் எழுத்துகள் அதிகம் என்று குறித்து, வடிவமைப்பில் மதிப்பெண் குறைத்திருந்தார். வடிவமைப்புக் கணக்கில் அவர் சொன்னது சரிதான். ஆனால் விஸ்காம் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மதிப்பெண் தாளில் ஒளிப்பதிவுக்கும் படத்தொகுப்புக்கும் வடிவமைப்புக்கும் தனித்தனி வரி இருக்கிறது. படத்தில் வந்தவரிடம் போஸ்டரைக் காட்டிச் சம்மதம் கேட்டாயா, பாட்டில் பங்குள்ள எல்லார் பெயரும் இதில் இருக்கிறதா என்று ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள். பத்து மதிப்பெண் வைத்தால் போதும், பிள்ளைகள் செய்துவிடுவார்கள்.