சிவன் காசும் செலவுக் கணக்கும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது எம் முன்னோர் வாக்கு. அவ்வாறாயின் ஆண்டவனுக்குச் செய்யும் திருப்பணிக்கும் அளவு உண்டா? அல்லது பக்தி பெருகும் இடத்திலே பணக்கணக்குப் பார்ப்பது நம்பிக்கைக் குறைவா? எமது சிவாலயத் திருப்பணியின்போது இக்கேள்விக்கு நாம் விடை கண்டேயாக வேண்டியிருந்தது.

2021 ஆம் ஆண்டு பாலஸ்தாபனம் செய்து, மூலஸ்தானத்தையும் மண்டபங்களையும் புதுப்பித்து, மூன்று நிலை இராசகோபுரம் ஒன்றும் அமைப்பதெனப் பரிபாலன சபை மதிப்பீடு செய்தது. அடுத்த ஆண்டே நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவை எட்டியது. 2021 இல் 1000 ரூபா அளவில் விற்ற 50 கிலோ சீமெந்துப் பை, 2022 இல் 3000 ரூபா அளவுக்குச் சென்றது. கம்பி விலையும் கூடவே ஏறியது.

ஆயினும் பழி முழுவதையும் விலைவாசியின் தலையில் சுமத்துவது உண்மையாகாது. விலை ஏறுவதற்கு முன்னரே, கூட்டமொன்றில் எழுந்த உற்சாகத்தில், கோபுரத்தை ஐந்து நிலையாக்குவோம் என்று கைதட்டித் தீர்மானித்திருந்தோம். நிலை கூடினால் அத்திவாரமும் பெருக்க வேண்டும் என்பதை அன்று எவரும் கணக்கிடவில்லை. அரச அலுவலகத்தில் இலிகிதராக இருந்து ஓய்வு பெற்ற அடியேனும் அத்தீர்மானத்தில் கையொப்பமிட்டேன். பெரிய அத்திவாரம் பணத்தை விழுங்கியது. மூலஸ்தான வேலை பாதியில் நின்றது. கடைகளில் கடன் ஏறியது. மேசன்மாருக்கும் கூலியாட்களுக்கும் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி.

சபை கூடியபோது பெரியவர் ஒருவர், "மணிவாசகர் கணக்குப் பார்த்தவரோ? கடன்பட்டாவது கட்டுவம். சிவன் பார்த்துக்கொள்ளுவார்" என்றார். பலர் தலையசைத்தனர். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொருளைத் திருப்பெருந்துறையில் கோவிலுக்குச் செலவிட்ட வரலாற்றை அறியாதார் யார்? எனக்கும் அப்போது மறுமொழி வரவில்லை.

மறுநாள் வாசலில் மூதாட்டி ஒருவர் என்னை மறித்தார். பினாட்டும் ஒடியலும் விற்றுச் சேர்த்த 5000 ரூபாவைத் திருப்பணிக்குத் தந்தவர். "தம்பி, என்ரை காசு எந்தக் கல்லிலை கிடக்கு? ஒருக்காத் தொட்டுக் கும்பிட வேணும்" என்று கேட்டார். அவர் கணக்குக் கேட்கவில்லை, கும்பிடவே கேட்டார். ஆனால் எனக்குக் காட்டத் தெரியவில்லை.

அன்றிரவுதான் பெரியவருக்குரிய மறுமொழி தோன்றியது. மணிவாசகர் அரசன் பொருளைச் செலவிட்டார். அதற்கான தண்டனையைத் தம் உடம்பிலே ஏற்று, வைகை மணலில் சுடுவெயிலில் நின்றார். நாமோ செலவை எமது பெயரில் செய்துவிட்டு, வெயிலில் மேசனின் பிள்ளைகளை நிறுத்தியிருந்தோம். எமது கணக்குப் பிழையைச் சிவன் தலையில் ஏற்றிவிட்டு அதனை நம்பிக்கை என்று சொல்லுதல் தகுமா? சிவாலயத்திலே வழிபாட்டை நிறைவு செய்து சண்டேசுவரர் சந்நிதியில் கை தட்டும்போது, சிவன் சொத்தில் எதனையும் எடுத்துச் செல்லவில்லை என்று காட்டுகிறோம் என்பர் பெரியோர். தர்மகர்த்தாவுக்கு அந்தக் கைதட்டல் இன்னும் கடினமானது. எடுக்காதிருந்தால் மட்டும் போதாது, வீணாக்காமலும் இருக்க வேண்டும்.

பின்னர் சபையினர் மனமொத்து வேலைகளைச் சில நாட்கள் நிறுத்தினோம். கொப்பிகளிலும் துண்டுகளிலும் கிடந்த கடன்கள் அனைத்தையும் ஓரிடத்தில் எழுதினோம். முதலில் கூலி, அடுத்துக் கடைக்கடன் என்று ஒழுங்கு செய்தோம். நித்திய பூசைப் பணத்தைத் தொடுவதில்லை என முடிவெடுத்தோம். எம்பெருமான் மூலஸ்தானம் திரும்புவதற்கு வேண்டிய வேலைகளை முதலில் செய்வதென்றும், கோபுரத்தை அத்திவாரத்தோடு நிறுத்துவதென்றும் தீர்மானித்தோம். கோபுரத்துக்கென்றே பணம் தந்தவர்களிடம் தனித்தனியே சம்மதம் கேட்டோம். சம்மதியாதோர் பணம் வங்கியிலே தனியாக இருக்கிறது.

அலுவலகத்தில் கற்ற பழக்கமொன்றும் கைகொடுத்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பொருளுக்குச் சொல்லும் அன்றே அதன் விலையைக் கழித்து எழுத வேண்டும். பில் வரும்வரை காத்திருந்தால், கையிலே காசு இருப்பது போலத் தோன்றும். உண்மையில் அது ஏற்கெனவே இன்னொருவருடைய காசு. இனி எந்த மாற்றமும் கைதட்டலால் நிறைவேறாது. அதன் செலவும், பணம் வரும் வழியும் எழுத்தில் இருத்தல் வேண்டும். மாதக் கணக்கு வசந்த மண்டபச் சுவரிலே ஒட்டப்படுகின்றது.

2024 இல் கும்பாபிஷேகம் கடனின்றி நிறைவேறியது. கோபுரம் இன்னும் எழவில்லை. "அயலூர்க் கோபுரத்தைப் பாருங்கோ" என்று எம்மைக் குறைகூறுவோரும் உளர். அவர்கள் மனக்குறையும் நியாயமானதே. கோபுர தரிசனத்தை ஆசைப்படாத சைவர் யார்? ஆனால் கூலி கொடாத கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கும்பிட எமக்கு மனம் வருமா?

கும்பாபிஷேகம் முடிந்த பின்னர் அம்மூதாட்டியை அழைத்துச் சென்றேன். கணக்கின்படி அவர் காசு மூலஸ்தான வாசற்படியில் சேர்ந்திருந்தது. அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கணக்கு எழுதுவதும் ஒரு சரியைத் தொண்டே என்று அன்று உணர்ந்தேன்.

கோபுரமும் உரிய காலத்தில் எழ எம்பெருமான் திருவருள் கூட்டுவாராக.